எல்லாவற்றிலும் முதலாவதாக வந்தால்தான் சாட்சியா?

காலைப்பனி:

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். வாலிபர் கூடுகையில் கேட்ட ஒரு செய்தி மனதைவிட்டு இறங்க மாட்டேன் என்கிறது. அதனால்தான் இந்த இழை.

செய்தியின் சாரம்: கிறிஸ்தவன் எங்கே வேலை பார்த்தாலும் அங்கே முதல் ஆளாக இருக்க வேண்டும். தானியேலும் அவன் நண்பர்களும் பாபிலோனின் சாஸ்திரிகளைவிடப் பத்து மடங்கு சமர்த்தர்களாக இருந்தார்கள் (தானியேல் 1:20). உபாகமம் 28:13 உன்னை வாலாக்காமல் தலையாக்குவேன் என்கிறது. கொலோசெயர் 3:23 எதைச் செய்தாலும் கர்த்தருக்கென்று செய்யச் சொல்கிறது. ஆகவே, சராசரியாக வேலை செய்கிற கிறிஸ்தவன் கெட்ட சாட்சி, அதாவது அவனைப் பார்க்கிறவர்களுக்கு அவன் விசுவாசத்தின்மேல் மதிப்பு வராது. இப்படித்தான் முடித்தார்கள்.

நான் சராசரி ஆள். மென்பொருள் சோதனைப் பிரிவில் இருக்கிறேன். கொடுத்த வேலையை முடிக்கிறேன், யாரையும் ஏமாற்றுவதில்லை, ஆனால் வருடாந்தர மதிப்பீட்டில் எப்போதும் நடு வரிசைதான். பக்கத்து இருக்கையில் இருப்பவருக்குக் கடவுள் நம்பிக்கையே கிடையாது. அவர் கண்ணில் படும் பிழைகள் என் கண்ணில் படவே படாது, அவ்வளவு கூர்மை. அப்படியானால் என் விசுவாசத்தில் ஏதாவது கோளாறா? இல்லை, நான் சோம்பேறித்தனத்துக்குச் சாக்குத் தேடுகிறேனா? இரண்டில் எது என்று எனக்கே தெரியவில்லை. பெரியவர்கள் சொல்லுங்கள்.

ஆசீர்வாதமழை:

சோர்ந்துபோகாதீர்கள் பிரதர். தலையாக்குவேன் என்றவர் வாக்கு மாறாதவர். அடுத்த மதிப்பீட்டில் பாருங்கள், முதல் பெயர் உங்களுடையதுதான். ஆமென்!

தோல்சுருள்:

ஆமென் சொல்ல எனக்கும் ஆசைதான், ஆனால் தம்பி கேட்டது அது இல்லையே.

உபாகமம் 28 ஒரு தேசத்தோடு செய்த உடன்படிக்கை. கீழ்ப்படிந்தால் இந்த ஆசீர்வாதங்கள், மீறினால் இந்தச் சாபங்கள் என்று இஸ்ரவேலுக்குச் சொன்னது. அதிலிருந்து ஒரு வரியைக் கிள்ளி ஒரு தனி ஆளின் அலுவலக மதிப்பீட்டில் ஒட்டவைக்க முடியாது. அந்த அதிகாரத்தில் ஆசீர்வாதம் 14ஆம் வசனத்தோடு முடிகிறது, மீதி 68 வரைக்கும் சாபம். அந்தப் பகுதியை யாரும் வாக்குத்தத்த அட்டையில் அச்சடிப்பதில்லை.

தானியேலைப் பற்றிப் பேசுகிறவர்கள் முதல் அதிகாரத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். ஆறாம் அதிகாரத்தில் எதிரிகள் அவன் வேலையைத் துருவித் துருவிப் பார்த்தும் ஒரு குற்றம் கிடைக்கவில்லை. அதற்குக் கிடைத்த பரிசு சிங்கக் கெபி. யோசேப்பு போத்திபாரின் வீட்டில் உண்மையாக உழைத்தான், போய்ச் சேர்ந்த இடம் சிறைச்சாலை. பிற்பாடு இருவரும் உயர்ந்தார்கள், சரி. ஆனால் நல்ல வேலைக்கும் உயர்வுக்கும் நடுவே நேர்க்கோடு இழுக்க வேதம் இடம் கொடுக்கவில்லை.

கொலோசெயர் 3:23தான் இங்கே முக்கியம். தயவுசெய்து ஒரு வசனம் முன்னால் போய்ப் படியுங்கள். "வேலைக்காரரே, சரீரத்தின்படி உங்கள் எஜமான்களாயிருக்கிறவர்களுக்கு" என்று 22 தொடங்குகிறது. அன்றைய ரோமப் பேரரசில் இந்த வேலைக்காரர் என்பவர்கள் அடிமைகள். கையில் நாலு காசு சேர்ந்தாலும் சட்டப்படி அது எஜமானுடையது. தகப்பன் சொத்து என்று ஒன்று அவர்களுக்கு வராது. பெரும்பாலோருக்கு மேலே போக வழியே கிடையாது. அவர்களைப் பார்த்துத்தான் "கர்த்தருக்கென்றே மனப்பூர்வமாய்ச் செய்யுங்கள்" என்கிறார் பவுல். கூடவே "சுதந்தரத்தின் பலனைக் கர்த்தராலே பெறுவீர்கள்" என்கிறார். சுதந்தரம் என்றால் இங்கே வாரிசுச் சொத்து. உலகம் வாரிசாக ஒத்துக்கொள்ளாத ஆட்களுக்கு வாரிசுரிமை!

அப்படியென்றால் அந்த வசனத்துக்கு "முதல் ஆளாக வா" என்று அர்த்தம் இருக்கவே முடியாது. முதல் ஆளாக வருவதற்கு அவர்களுக்குப் பந்தயமே இல்லை. எண்ணெய் ஆட்டுகிறவன், தண்ணீர் சுமக்கிறவன், எஜமானின் பிள்ளைக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கிறவன், இவர்கள் எல்லோரும் தங்கள் வேலையை யார் கையில் கொடுப்பதாக நினைத்துச் செய்ய வேண்டும் என்பதுதான் பேச்சு.

கேள்விக்குறி:

அடிமைகளுக்கு எழுதியது என்பதுதான் ஐயா என் பிரச்சினையே.

கிறிஸ்தவர்கள் நடத்தும் ஒரு நிறுவனத்தில் வேலை பார்த்திருக்கிறேன். பெயர் வேண்டாம். மேலாளர் நாற்காலிக்குப் பின்னால் இதே வசனம் சட்டம் போட்டு மாட்டியிருக்கும். மாலையில் கிளம்பலாம் என்று பையை எடுத்தால் "மனப்பூர்வமாய்" என்ற வார்த்தை நம்மைப் பார்க்கும். சம்பளம் தள்ளிப் போகும். கேட்டால், "இது வேலை இல்லை தம்பி, ஊழியம்." கூடுதல் நேரத்துக்குப் பணம் கேட்டவரை உலக ஆசை பிடித்தவர் என்று ஜெபக் கூட்டத்திலேயே மறைமுகமாகப் பேசினார்கள். அங்கே உழைப்பைப் பற்றி ஒரு பிரசங்கம் வந்தால், யாருக்காக வருகிறது என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

யாக்கோபு 5:4ஐ ஏன் யாரும் சட்டம் போட்டு மாட்டுவதில்லை? வயலை அறுத்தவர்களின் பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது, அந்தச் சத்தம் சேனைகளின் கர்த்தருடைய செவியில் விழுகிறது என்று இருக்கிறதே.

தோல்சுருள்:

கேள்விக்குறி சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். வேதத்தை அதிகாரங்களாகப் பிரித்தது 13ஆம் நூற்றாண்டில்தான். பிரித்தவர்கள் கொலோசெயரில் ஒரு மோசமான இடத்தில் வெட்டிவிட்டார்கள். அடிமைகளுக்குச் சொன்னது மூன்றாம் அதிகாரத்தின் கடைசியில் நிற்கிறது. எஜமான்களுக்குச் சொன்ன அடுத்த வாக்கியம் 4:1க்குப் போய்விட்டது: "உங்களுக்கும் பரலோகத்தில் எஜமான் இருக்கிறாரென்று அறிந்து, வேலைக்காரருக்கு நீதியும் செவ்வையுமானதைச் செய்யுங்கள்." வாசிப்புப் பகுதி அதிகாரத்தோடு முடிகிற சபைகளில் வேலைக்காரனுக்குச் சொன்னது மட்டும் காதில் விழும். எஜமான் தப்பித்துக்கொள்வார்.

பவுலைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே மூச்சில் சொன்னவை. அடுத்த முறை யாராவது 3:23ஐச் சொன்னால், "தொடர்ந்து படியுங்கள் ஐயா" என்று கேளுங்கள்.

இரவுப்பணி:

நான் செவிலியர். பிரசங்கம் பண்ணத் தெரியாது, பார்த்ததைச் சொல்கிறேன்.

தானாகப் புரண்டு படுக்க முடியாத நோயாளியை ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பக்கம் மாற்றிப் படுக்க வைக்க வேண்டும். இல்லாவிட்டால் இடுப்பிலும் குதிகாலிலும் எலும்பு அழுத்துகிற இடத்தில் ரத்த ஓட்டம் நின்று தோல் சாக ஆரம்பிக்கும். முதலில் ஒரு சிவப்புத் திட்டுதான். விரலால் அழுத்தினால் வெளுக்காது, சிவப்பாகவே இருக்கும். அந்தக் கட்டத்தில் பிடித்துவிட்டால் தப்பிக்கலாம். விட்டால் புண், பிறகு குழி.

இதற்கென்று ஓர் அட்டவணை உண்டு. இரவு 10, 12, 2, 4, 6 என்று கட்டங்கள். ஒவ்வொரு முறையும் திருப்பிவிட்டு, இடமா வலமா என்று குறித்துக் கையெழுத்துப் போட வேண்டும். சில இடங்களில் காலையில் அந்தத் தாளைப் பார்த்தாலே தெரிந்துவிடும். ஐந்து கட்டமும் ஒரே பேனா, ஒரே சாய்வு, ஒரே அழுத்தம். காலை 6 மணிக்கு மொத்தமாக உட்கார்ந்து போட்டது. தாளில் குறையே இருக்காது. தணிக்கைக்கு வருகிறவர் அந்தத் தாளைப் பார்த்துப் பாராட்டிவிட்டுப் போவார்.

"பார்வைக்கு ஊழியஞ்செய்யாமல்" என்று கொலோசெயர் 3:22இல் வருகிறதே, எனக்கு அது இந்தத் தாள்தான். யார் முதல் ஆள், யார் நடு வரிசை என்பது இந்த இடத்தில் வரவே வராது. இரவு 2 மணிக்கு அந்தப் பாட்டியைத் திருப்பினோமா இல்லையா, அவ்வளவுதான் கேள்வி. அதற்கு நட்சத்திர ஊழியர் விருது யாரும் கொடுக்க மாட்டார்கள். புண் வராமல் போனதற்கு எந்த ஊரில் கைதட்டுகிறார்கள்?

காலைப்பனி தம்பி, நீங்கள் சராசரியா இல்லையா என்று உங்கள் மதிப்பீட்டுத் தாளில் தேடாதீர்கள். அது வேறு தாள்.

பழையபாட்டு:

அக்கா சொன்னது அருமை. ஆனால் எல்லோரும் ஒரு பக்கமாகவே சாய்கிறீர்களே, மறுபக்கத்தையும் கொஞ்சம் சொல்லட்டுமா? நான் பல வருஷமாகப் பாடகர் குழு நடத்துகிறவன். எனக்கு வரும் தலைவலி அதிக உழைப்பால் இல்லை, ஆவிக்குரிய சோம்பலால்.

சனிக்கிழமை பயிற்சிக்கு வர மாட்டார்கள். ஞாயிறு காலை நேராக மேடைக்கு வந்து நிற்பார்கள். தாளைப் பார்த்து முதல் முறையாக அப்போதுதான் பாடுவார்கள். இழுப்பார்கள், சுருதி ஓர் ஊரில் இருக்கும், குரல் வேறு ஊரில் இருக்கும். ஏதாவது சொன்னால், "கர்த்தர் இருதயத்தைப் பார்க்கிறார் அண்ணா." சரி, பார்க்கிறார். பயிற்சிக்கு வராத இருதயத்தையும்தானே பார்க்கிறார்?

சங்கீதம் 33:3 நேர்த்தியாய் வாசிக்கச் சொல்கிறது. 1 நாளாகமம் 15:22இல் கெனானியாவைப் பாட்டுக்குத் தலைவனாக வைத்ததற்குக் காரணமே அவன் நிபுணனாக இருந்ததுதான். பக்திமான் என்பதற்காக வைத்தார்கள் என்று அங்கே இல்லை. மல்கியா முதல் அதிகாரத்தைப் பாருங்கள். கண் தெரியாததையும் காலொடிந்ததையும் பலியாகக் கொண்டுவருகிறார்கள். இதை உன் அதிபதிக்குக் கொடுத்துப் பார், வாங்கிக்கொள்வானா என்று கர்த்தர் கேட்கிறார். அந்தக் கிண்டல் எனக்கு ரொம்பப் பிடிக்கும். அலுவலகத்துக்குத் தயாரித்துக்கொண்டு போகிறவர்கள், ஆராதனைக்கு மட்டும் தயாரிக்காமல் வருவது கிருபையின்மேல் உள்ள நம்பிக்கை இல்லை, கிருபையை மலிவாக நினைப்பது.

கொத்துக்கரண்டி:

பழையபாட்டு அண்ணனுக்கு ஒரு கைகுலுக்கல். நான் கட்டட வேலை மேற்பார்வை பார்க்கிறேன். இதே கதை இங்கேயும் உண்டு.

கான்கிரீட் போட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பார்கள். அதற்கப்புறம் குறைந்தது 7 நாளாவது அது காயாமல் ஈரமாகவே வைத்திருக்க வேண்டும். சிமென்ட் இறுகுவது வெயிலில் காய்ந்து இல்லை, தண்ணீரோடு சேர்ந்து நடக்கும் வேதியியல் மாற்றத்தால். தண்ணீர் விடாமல் ஏமாற்றினால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. பூச்சு பூசி, வண்ணம் அடித்து, சாவி கொடுத்துவிடலாம். பல வருஷம் கழித்து அந்த வீட்டில் இருப்பவன்தான் விரிசலைப் பார்ப்பான்.

புராட்டஸ்டண்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிவைத்த மார்ட்டின் லூத்தர் சொன்னாராம்: கிறிஸ்தவச் செருப்புத் தைப்பவர் செருப்பில் சின்னச் சின்னச் சிலுவை போடுவதால் தன் கடமையைச் செய்துவிடுவதில்லை, நல்ல செருப்புத் தைப்பதால்தான் செய்கிறார் என்று. இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்?

தோல்சுருள்:

அந்தச் செருப்பு வாசகம் லூத்தரின் எழுத்துகளில் இல்லை அண்ணா. ஆய்வாளர்கள் தேடிப் பார்த்துவிட்டார்கள். இணையத்தில் அவர் பெயரை ஒட்டிச் சுற்றுகிறது.

அவர் உண்மையில் எழுதியது 1520இல், ஜெர்மானியப் பிரபுக்களுக்கு எழுதிய திறந்த மடலில் இருக்கிறது. செருப்புத் தைப்பவர், கொல்லர், விவசாயி ஒவ்வொருவருக்கும் தங்கள் தங்கள் தொழிலும் பொறுப்பும் உண்டு, ஆனாலும் அவர்கள் எல்லோரும் அபிஷேகம் பெற்ற குருக்களே என்கிறார். அப்புறம், ஒவ்வொருவரும் தன் தொழிலால் மற்றவர்களுக்குப் பயன்பட வேண்டும் என்று சேர்க்கிறார். தரம், திறமை என்று அவர் அங்கே தொடங்கவில்லை. அடுத்தவனுக்கு உதவுகிறதா என்பதுதான் அவர் கணக்கு.

கொத்துக்கரண்டி:

யார் சொன்னால் என்ன, சொன்னது சரிதானே? நீங்கள் எடுத்துக்காட்டியதும் அதையேதான் சொல்கிறது.

தோல்சுருள்:

ஏறக்குறைய. நல்ல செருப்பு என்றால் யாருக்கு நல்லது என்பதில் வேறுபாடு வந்துவிடும். பார்ப்பவர் அசந்துபோகும் செருப்பும் நல்ல செருப்புதான், நாள் முழுக்க நடக்கிறவன் காலைக் கடிக்காத செருப்பும் நல்ல செருப்புதான். லூத்தருக்கு இரண்டாவதுதான் வேண்டும். இன்றைய "கிறிஸ்தவ மேன்மை" பிரசங்கங்களில் எனக்கு முதலாவதுதான் அதிகம் கேட்கிறது. உங்கள் கான்கிரீட் உதாரணமே இரண்டாவது வகைதான் அண்ணா. நீங்கள் என் பக்கம் நின்றுகொண்டே என்னோடு சண்டை போடுகிறீர்கள்.

காலைப்பனி:

எல்லோருக்கும் நன்றி. நிறைய யோசிக்க வைத்துவிட்டீர்கள். ஆனால் என் இரண்டாவது கேள்வி அப்படியே நிற்கிறது. எனக்குக் கொடுக்கப்பட்ட அளவே இவ்வளவுதானா, இல்லை நான் முயற்சி செய்யவில்லையா, எப்படித் தெரிந்துகொள்வது? "என்னால் முடிந்தது இவ்வளவுதான்" என்று சொல்வது ரொம்ப வசதியாக இருக்கிறது.

பழையபாட்டு:

எஜமான் வெளியூர் போகும்போது மூன்று வேலைக்காரரிடம் தாலந்து கணக்கில் பணத்தை ஒப்படைத்துவிட்டுப் போகிறாரே, அந்தத் தாலந்து உவமையை இரண்டு பேரை வைத்துப் படியுங்கள் தம்பி, மூன்றாமவனை ஒரு நிமிஷம் விடுங்கள். ஐந்து வாங்கினவன் ஐந்து சம்பாதித்தான், இரண்டு வாங்கினவன் இரண்டு. எஜமான் சொன்ன பதிலை மத்தேயு 25:21இலும் 25:23இலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், சொல்லுக்குச் சொல் ஒன்று. ஐந்துக்காரனுக்கு ஒரு பாராட்டு அதிகமாக இல்லை. "கொஞ்சத்திலே உண்மையாயிருந்தாய்" என்கிறார். கொஞ்சமாம்! ஒரு தாலந்து என்பது ஒரு கூலியாளின் ஏறத்தாழ இருபது வருஷக் கூலி.

இப்போது மூன்றாமவன். குறைவாகச் சம்பாதித்ததற்காக அவன் திட்டு வாங்கவில்லை. வட்டிக்காவது போட்டிருக்கலாமே என்கிறார் எஜமான். அதாவது மிகக் குறைந்த முயற்சியைக்கூட அவர் ஏற்றுக்கொண்டிருப்பார். அவன் அதையும் செய்யாமல் புதைத்தான். கேட்டால், "நீர் கடினமுள்ள மனுஷன்" என்று பழியை எஜமான்மேல் போடுகிறான்.

ஆக உங்களுக்கு என் கேள்வி ஒன்றுதான். பக்கத்து இருக்கைக்காரர் கூர்மையானவர் என்கிறீர்களே, எப்படிப் பார்க்கிறீர்கள் என்று அவரிடம் எப்போதாவது போய்க் கேட்டிருக்கிறீர்களா? கேட்டும் வரவில்லை என்றால் அது அளவு. கேட்கவே இல்லை என்றால் அது புதைத்தது.

அவர் விசுவாசி இல்லையே என்று தயங்க வேண்டாம். சாலொமோன் ஆலயம் கட்டும்போது, மரம் வெட்டுவதில் சீதோனியருக்கு இருக்கிற பழக்கம் எங்களில் ஒருவருக்கும் இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லி அனுப்பினான் (1 இராஜாக்கள் 5:6). ஆலயத்துக்கே அப்படியென்றால் உங்கள் மென்பொருளுக்கு என்ன?

தேர்வுமாணவி:

அண்ணாக்களே, அக்காக்களே, நடுவில் வருவதற்கு மன்னியுங்கள். நான் ஒரு போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன். தூங்கினால் குற்றவுணர்வு வருகிறது. ஞாயிற்றுக்கிழமை புத்தகத்தை மூடினால் இன்னும் மோசம். எறும்பைப் பார், சோம்பேறியே என்ற நீதிமொழிகள் 6:6தான் எங்கள் வீட்டில் அடிக்கடி கேட்கிற வசனம். கர்த்தருக்கென்று முழு பெலத்தோடு செய் என்றால், எங்கே நிறுத்துவது?

ஆசீர்வாதமழை:

எரிக் லிடெல் சாட்சியைப் படியுங்கள் சிஸ்டர்! 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஞாயிற்றுக்கிழமை ஓட மாட்டேன் என்று 100 மீட்டரை விட்டுக்கொடுத்தார். கர்த்தர் 400 மீட்டரில் தங்கம் கொடுத்தார். அவரைக் கனம்பண்ணினால் அவர் நம்மைக் கனம்பண்ணுவார்.

தோல்சுருள்:

லிடெல் நல்ல உதாரணம்தான், ஆனால் தங்கத்தை வைத்து அந்தக் கதையைச் சொன்னால் இந்தத் தங்கைக்குப் பாரம் கூடும். ஞாயிற்றுக்கிழமை ஓய்ந்திருந்தும் தேர்வில் தோற்றுவிட்டால் என்ன சொல்வீர்கள்? கால அட்டவணை வந்தபோதே, போட்டிக்குச் சில மாதங்களுக்கு முன்பே, லிடெல் முடிவு எடுத்துவிட்டார். அப்போது 400 மீட்டரில் 47.6 வினாடி ஓடப்போகிறோம் என்று அவருக்குத் தெரியாது. அதற்கப்புறம் மிஷனரியாகச் சீனாவுக்குப் போனார், போர்க்காலத்தில் ஜப்பானியர் வைத்த தடுப்பு முகாமில் 1945இல் மூளைக் கட்டியால் இறந்தார். வயது 43. அந்த முகாமில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார், விளையாட்டு ஏற்பாடு செய்தார். அதற்குப் பதக்கம் இல்லை.

தங்கையின் கேள்விக்கு யாத்திராகமம் 31ஐப் படிக்கச் சொல்வேன். அதில் முதல் பாதி பெசலெயேலைப் பற்றியது. தேவ ஆவியினால் நிரப்பினேன் என்று தேவனே பெயர் சொல்லிச் சொன்ன முதல் ஆள் இந்தப் பெசலெயேல். தீர்க்கதரிசி இல்லை, ராஜா இல்லை. பொன், வெள்ளி, வெண்கலம், ரத்தினம், மரம் ஆகியவற்றில் வேலை செய்கிற கைவினைஞன். கைத்திறனுக்கு இதைவிடப் பெரிய மரியாதை வேதத்தில் கிடைக்காது. சரி, அதற்கு அடுத்த வசனங்கள் என்ன? 12 முதல் 17 வரை ஓய்வுநாள். ஆசரிப்புக் கூடாரம் கட்டுகிற வேலையாக இருந்தாலும் ஏழாம் நாளில் கையை எடு. ஐந்து அதிகாரம் தள்ளி, ஜனங்கள் கொண்டுவந்த பொருள் தேவைக்கு மேல் போய்விட்டது என்று வேலைக்காரர்கள் வந்து சொல்ல, இனிக் கொண்டுவர வேண்டாம் என்று மோசே பாளயம் எங்கும் அறிவிக்கிறான். "போதும்" என்று சொல்லி முடிந்த பரிசுத்த வேலை அது.

சங்கீதம் 127:2 இன்னும் நேரடி. அதிகாலையில் எழுந்து, நேரப்பட வேலையில் தரித்து, வருத்தத்தின் அப்பத்தைச் சாப்பிடுவது விருதா என்றுவிட்டு, "அவரே தமக்குப் பிரியமானவனுக்கு நித்திரை அளிக்கிறார்" என்கிறது. எறும்பு வசனம் மாட்டியிருக்கும் வீட்டில் இதையும் பக்கத்திலேயே மாட்டச் சொல்லுங்கள்.

இரவுப்பணி:

தங்கை, தூக்கத்தைப் பறித்துப் படிப்பதில் பக்தியும் இல்லை, புத்தியும் இல்லை. படித்தது மூளையில் நிலைப்பதே தூக்கத்தில்தான். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியைச் சோம்பேறி என்று யாரும் சொல்ல முடியாது, பிரசங்கிப்பதற்காக ஊர் ஊராகக் குதிரைமேலேயே வாழ்ந்தவர். பணத்தைப் பற்றிய அவருடைய பிரசங்கம் 1760இல் அச்சானது. "முடிந்த மட்டும் சம்பாதியுங்கள்" என்பதை மட்டும் பலர் பிடித்துக்கொள்வார்கள். அதற்கு அவர் அங்கேயே வேலி போட்டிருக்கிறார்: உயிரையும் உடம்பையும் விலையாகக் கொடுத்துச் சம்பாதிக்கக் கூடாது, சாப்பிடவும் தூங்கவும் தேவையான நேரத்தைப் பறிக்கிற தொழிலில் இருக்கவே கூடாது. அதற்கப்புறம் அயலானைக் கெடுத்துச் சம்பாதிக்கக் கூடாது. இத்தனையும் தாண்டித்தான் "முடிந்த மட்டும்".

ராத்திரி வேலை பார்க்கிற நான் இதை எழுதுகிறேன் என்று சிரிக்காதீர்கள். பகலில் தூங்கிவிடுவேன்.

கேள்விக்குறி:

எல்லாம் சரி, ஒரு சந்தேகம். 1904-05இல் மாக்ஸ் வெபர் என்ற ஜெர்மானியச் சமூகவியலாளர் ஒன்று சொன்னார். தான் இரட்சிக்கப்பட்டவனா என்ற பயத்தில் இருந்த சில புராட்டஸ்டண்ட் குழுக்கள், அதற்கு அடையாளம் தேடி ஓயாமல் உழைத்தன, அந்தப் பழக்கம் முதலாளித்துவத்துக்கு உரமானது என்பது அவர் வாதம். வாதம் சரியா தவறா என்று இன்னும் சண்டை நடக்கிறது, அதை விடுங்கள். ஆனால் இந்தத் தம்பியும் தங்கையும் பேசுவதைக் கேட்டால் எனக்கு அந்தப் பயம்தான் தெரிகிறது. வேலையில் நன்றாக இல்லாவிட்டால் தேவன் என்னை எப்படிப் பார்ப்பார் என்ற பயம். அதை ஊட்டியது யார்?

தோல்சுருள்:

நாம்தான், பிரசங்க பீடத்தில் இருப்பவர்கள். கிருபையினால் இரட்சிக்கப்பட்டீர்கள் என்று காலையில் சொல்லிவிட்டு, மாலை வாலிபர் கூடுகையில் மதிப்பெண் போடுகிறோம். பவுலுக்கு இந்த வரிசையில் குழப்பமே இல்லை. "அவர்களெல்லாரிலும் நான் அதிகமாய்ப் பிரயாசப்பட்டேன்" என்று கூச்சமில்லாமல் சொல்கிறார் (1 கொரிந்தியர் 15:10). மூச்சு விடுவதற்குள் "ஆகிலும் நான் அல்ல, என்னுடனே இருக்கிற தேவகிருபையே அப்படிச் செய்தது" என்கிறார். ஏற்கெனவே ஏற்றுக்கொள்ளப்பட்ட ஆள் உழைக்கிற உழைப்பு அது. அதில் பதற்றம் இருக்காது.

பழைய துறவிகளுக்கு இதில் நல்ல விவரம் இருந்தது. 6ஆம் நூற்றாண்டில் புனித ஆசீர்வாதப்பர் (பெனடிக்ட்) மடத்துக்கு எழுதிய ஒழுங்கில், மடத்தின் பாத்திரங்களையும் கருவிகளையும் பீடத்தின் பரிசுத்த பாத்திரங்களைப்போலவே பார்க்கச் சொல்கிறார். மண்வெட்டிக்கும் அதே மரியாதை. ஆனால் 57ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். கைத்தொழிலில் கெட்டிக்காரத் துறவி ஒருவர், என்னால்தான் மடத்துக்கு வருமானம் என்று பெருமை கொண்டால், அவரை அந்தத் தொழிலிலிருந்தே எடுத்துவிட வேண்டும், தாழ்மை வந்தபிறகுதான் திரும்ப விட வேண்டும். செய்த பொருளை விற்கும்போது வெளியார் விலையைவிடக் கொஞ்சம் குறைத்தே விற்க வேண்டும். கெட்டிக்காரனை வேலையைவிட்டு எடுக்கிற நிர்வாகம் இன்று எங்கே இருக்கிறது, சொல்லுங்கள்!

பழையபாட்டு:

எங்கள் குழுவில் அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தால் நல்ல குரல் உள்ளவர்கள் பாதிப்பேர் வெளியே நிற்பார்கள், நான் உட்பட. தாவீது காலத்துப் பாடகர்கள் 288 பேர், எல்லோரும் பயிற்சி பெற்றவர்கள். ஆனால் முறை ஒதுக்கும்போது பெரியவன் சிறியவன், ஆசான் மாணாக்கன் என்று பார்க்காமல் சீட்டுப் போட்டார்கள் (1 நாளாகமம் 25:7-8). பயிற்சியில் விட்டுக்கொடுக்கவில்லை, வரிசையில் பெருமைக்கு இடம் வைக்கவில்லை. இதைத்தான் அடுத்த மாதத்திலிருந்து செய்யலாம் என்று இருக்கிறேன். தனிப்பாடல் யாருக்கு என்று சீட்டுப் போடப் போகிறேன். சனிக்கிழமை வந்தவர்கள் பெயர் மட்டும் குடத்தில் இருக்கும்.

காலைப்பனி:

பழையபாட்டு ஐயா சொன்னபடி பக்கத்து இருக்கைக்காரரிடம் கேட்டேன். மனிதர் சந்தோஷமாக உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தார். வயது கேட்கிற ஒரு கட்டம் இருக்கிறது, 18 முதல் 60 வரை ஏற்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் 25 போடுவேன், 70 போடுவேன், முடிந்தது. அவர் 17, 18, 60, 61 என்று எல்லையில் போடுகிறார். அப்புறம் வெறுமையாக விடுகிறார், எண்ணுக்கு முன்னால் இடைவெளி விடுகிறார், சமர்ப்பிக்கும் பொத்தானை இரண்டு முறை தட்டுகிறார். ஏன் என்று கேட்டால், "அவசரத்தில் இருக்கிறவன், கண் சரியாகத் தெரியாதவன், பதற்றத்தில் இருக்கிறவன் இப்படித்தான் தட்டுவான், அவன் பணம் இரண்டு தடவை போய்விடக் கூடாது இல்லையா?" என்கிறார். லூத்தர் எழுதியதாகத் தோல்சுருள் ஐயா சொன்னதை இவர் லூத்தரைப் படிக்காமலே செய்கிறார்.

அடுத்த மதிப்பீட்டில் நான் எந்த வரிசையோ, தெரியாது. இந்தப் பார்வையைப் பழகிக்கொள்ள முடியும் என்று மட்டும் தோன்றுகிறது.

இரவுப்பணி அக்கா, உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். அந்த அட்டவணையைக் காலையில் மொத்தமாகப் போடுகிறவர் நம்மோடு வேலை செய்கிறவர் என்றால், என்ன செய்ய வேண்டும்? மேலிடத்தில் சொல்வதா?

இரவுப்பணி:

நோயாளிக்கு ஆபத்து என்றால் சொல்லத்தான் வேண்டும், அதில் தயவு தாட்சண்யம் கிடையாது. ஆனால் மத்தேயு 18:15இன்படி முதலில் அவரிடம் தனியாகப் பேசுவேன். பேசினால் பெரும்பாலும் என்ன தெரியவரும் தெரியுமா? அந்த இரவு அவர் ஒருவர்தான், படுக்கைகள் அவர் கைக்கு மீறி இருந்திருக்கும். பெரிய உடம்புக்காரரைத் தனியாளாகத் திருப்பவே முடியாது, இரண்டு பேர் வேண்டும். முடியவில்லை என்று கட்டத்தை வெறுமையாக விட்டால் விளக்கம் கேட்டுக் கடிதம் வரும். அதனால் டிக் போட்டுவிடுகிறார். போட்டது பொய்தான். ஆனால் அந்தப் பொய்யில் கையெழுத்துப் போடாமல் பங்கு வாங்கியவர்கள் மாடியில் இருக்கிறார்கள்.

அதனால் நான் இளையவர்களுக்குச் சொல்வது: செய்யாததைச் செய்ததாக எழுதாதே. "2 மணி, திருப்பவில்லை, உதவிக்கு ஆள் இல்லை" என்று அப்படியே எழுது. அதற்குக் கொஞ்சம் தைரியம் வேண்டும், முதல் முறை எழுதும்போது கை நடுங்கும். ஆனால் அப்படி நாலு தாள் சேர்ந்தால்தான் இரண்டாவது ஆளைக் கேட்க நமக்கு ஆதாரம் இருக்கும். தோல்சுருள் ஐயா சொன்ன கொலோசெயர் 4:1 எங்கள் வார்டுக்கு வருகிற வழி அதுதான்.